கண்ணுக்குள் போன ஸ்டீராய்டு: ஒரு மருந்தின் முக்கால் நூற்றாண்டுக் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு காபியைப் போட்டு வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம், ஏற்காட்டில் பனி இறங்கிக்கொண்டிருந்த நேரம், பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனால் பெயர் சொல்லப் போவதில்லை. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்.

"டீச்சர், ஒரு கண்ணுல ரோட்டு வெள்ளைக்கோடு வளைஞ்சு தெரியுதுங்க. இருபது கொண்டை ஊசி வளைவு பத்தாதுன்னு இப்ப நேர் ரோடும் வளையுது" என்று சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. கண்ணின் உள்படலமான கோராய்டில் அழற்சி, அதனால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். பத்து நாளில் பார்வை நன்றாகத் தெளிந்திருக்கிறது. அதற்குள் கூட ஓட்டுபவர் ஒருவர், "இது ஸ்டீராய்டுப்பா, எலும்பை அரிச்சிடும், கிட்னி போயிடும்" என்று சொல்லியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியும் அதையே சொல்ல, இவர் யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றே வாரத்தில் கோடு மறுபடி வளைந்துவிட்டது. இப்போது கண்ணுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும் என்கிறார்களாம்.

"போட்டுக்கலாங்களா டீச்சர்?"

நான் உயிரியல் பாடம் நடத்தியவள், மருத்துவர் இல்லை. போட்டுக்கொள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்குத் தகுதியில்லை. "முதல்ல டாக்டர்கிட்ட போ கண்ணு. நிறுத்தினதை மறைக்காம சொல்லு" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகு யோசனை ஓடியது. ஒரே மருந்து ஒருவருக்குப் பத்து நாளில் பார்வை கொடுக்கிறது. அதே மருந்தின் பெயரைக் கேட்டால் ஊரே நடுங்குகிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? பழைய வழக்கப்படி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஆட்டுக் கண் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கறிக்கடையிலிருந்து காகிதத்தில் சுற்றி வாங்கி வந்து ஆய்வகத்தில் அறுத்துக் காட்டுவேனே, பாதிப்பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்ப்பீர்களே! வெளியே கெட்டியான வெள்ளைச் சுவர், ஸ்கிளிரா. உள்ளே நீலப் பச்சையாக ஒன்று மின்னும். அது ஆட்டின் கோராய்டில் உள்ள ஒரு பகுதி. இருட்டில் ஆட்டின் கண் பளபளப்பது அதனால்தான். மனிதக் கண்ணில் அந்த மினுமினுப்புக் கிடையாது. நம் கோராய்டு கரும்பழுப்பாக, ரத்தக் குழாய்கள் அடர்ந்து இருக்கும். முன்னே ஐரிஸ், நடுவே சிலியரி உறுப்பு, பின்னே கோராய்டு, இந்த மூன்றும் ஒரே படலத்தின் தொடர்ச்சி. அதற்கு யுவியா என்று பெயர். லத்தீனில் 'உவா' என்றால் திராட்சை. வெள்ளைச் சுவரை உரித்துவிட்டுப் பார்த்தால் பார்வை நரம்பைக் காம்பாகக் கொண்ட கருந்திராட்சை போலவே இருக்கும். பெயர் வைத்தவர்கள் நன்றாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

கோராய்டின் மேல் விரித்த துணி போலக் கிடப்பது விழித்திரை. அதன் நடுவில் உள்ள மஞ்சள் புள்ளியை மாகுலா என்கிறார்கள். எழுத்துப் படிப்பதும், முகம் அடையாளம் காண்பதும், நேர்க்கோடு நேராகத் தெரிவதும் அந்தச் சிறு இடத்தின் வேலை. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் எளிதில் கசியாதபடி இறுக்கமான சுவர் உள்ளவை. அழற்சி வந்தால் அந்த இறுக்கம் தளர்ந்து நீர் கசியும், மாகுலாவில் சிறு சிறு பைகளாகத் தேங்கும். சில நோய்களில் கோராய்டிலிருந்தே நீர் ஊறி விழித்திரையை அடியிலிருந்து தூக்கிவிடும். மழைக்காலத்தில் நம் ஊர்ச் சுவர் ஈரமேறி, மாட்டியிருக்கும் காலண்டர் உப்பிக்கொள்ளும்போது அதில் உள்ள கட்டங்கள் வளைந்து தெரியுமே, அது மாதிரிதான். வெள்ளைக்கோடு ரோட்டில் வளையவில்லை. அதைப் பார்க்கும் திரைதான் உப்பியிருந்தது.

ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்த நோயாளிகளின் கதி என்ன? உங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். 1809-ல் பிரான்சில் பிறந்த லூயி பிரெயில். மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் விளையாடும்போது குத்தூசி ஒரு கண்ணில் பாய்ந்துவிட்டது. குத்துப்பட்டது ஒரு கண்தான். ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டன. ஒரு கண்ணின் யுவியா காயப்பட்டால் உடலின் எதிர்ப்புச் சக்தி குழம்பி, நன்றாயிருக்கும் மற்றக் கண்ணின் யுவியாவையும் தாக்கும் நோய் ஒன்று உண்டு. பிரெயிலுக்கு வந்தது அதுதான் என்று மருத்துவர்கள் பின்னாளில் கருதினார்கள். புள்ளி எழுத்து என்ற கொடையை உலகுக்குத் தந்தவரின் பார்வையைப் பறித்தது, இன்று ஸ்டீராய்டைக் கொண்டு முதலில் எதிர்கொள்ளப்படும் ஒரு நோய்.

நம் பக்கமும் கண் மருத்துவம் புதிதல்ல. சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தது 1820-களில். அதற்குச் சற்று முன்பே, 1819-ல், சென்னையில் கண் மருத்துவமனை தொடங்கிவிட்டது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்வது அதைத்தான். உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. ஆனால் யுவியா அழற்சி என்று வந்தால் அங்கும் சரி, லண்டனிலும் சரி, கையில் இருந்தது கொஞ்சமே. பாப்பாவை விரிக்க அட்ரோபின், ஒத்தடம், பிறகு காய்ச்சல் சிகிச்சை. ஆமாம், டைபாய்டு தடுப்பு மருந்தை ரத்தத்தில் ஏற்றி வேண்டுமென்றே காய்ச்சல் வரவழைப்பார்கள். காய்ச்சலில் அழற்சி சிலருக்குத் தணிந்தது. பலருக்குத் தணியவில்லை.

இனி மருந்தின் கதை. 1855-ல் லண்டனில் தாமஸ் அடிசன் என்ற மருத்துவர், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கெட்டால் மனிதர் மெலிந்து, தோல் கறுத்து, சோர்ந்து இறந்துபோகிறார் என்று எழுதினார். உயிர் வாழ அத்தியாவசியமான ஏதோ ஒன்று அதற்குள் இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. 1930-களில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டலும், சுவிட்சர்லாந்தில் ததேயுஸ் ரெய்க்ஸ்டைனும் அந்தச் சுரப்பியிலிருந்து பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். அதில் ஒன்றுக்குக் கெண்டல் 'ஈ கூட்டுப்பொருள்' என்று பெயர் வைத்தார்.

அதே மேயோவில் பிலிப் ஹென்ச் என்ற முடக்குவாத மருத்துவர் இருந்தார். 1929-லேயே அவர் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார். மஞ்சள் காமாலை வந்தால் முடக்குவாத நோயாளிக்கு மூட்டு வலி குறைகிறது. கர்ப்பமான பெண்களுக்கும் குறைகிறது. அப்படியானால் உடலே ஏதோ மருந்து செய்கிறது என்று நினைத்தார். இருபது வருடம் அந்த யோசனையை விடவில்லை. 1948 செப்டம்பர் 21 அன்று, முடக்குவாதத்தால் அசைய முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு 'ஈ கூட்டுப்பொருள்' ஊசி போடத் தொடங்கினார்கள். ஒரு வாரத்தில் அந்தப் பெண் எழுந்து நடந்து கடைவீதிக்குப் போனார். அந்தப் பொருள்தான் கார்ட்டிசோன். 1950-ல் கெண்டல், ரெய்க்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று தமிழ்நாட்டுப் பக்கம் திரும்புங்கள். அதே 1948-ல் எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த முப்பது வயது மருத்துவர் ஒருவர், ராணுவ மருத்துவப் பணியிலிருந்து விலகி வந்தார். காரணம், அதே முடக்குவாதம். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. பிரசவ மருத்துவராக வேண்டும் என்பது அவர் கனவு. அந்தக் கையோடு அது முடியாது என்றானது. கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களில் சிறு கத்தியைப் பிடித்துப் பழகினார். பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைத் தன் கையால் செய்தார். அவர்தான் டாக்டர் கோ. வெங்கடசாமி. அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த மருத்துவமனைக்கும் இந்தக் கதைக்கும் உள்ள தொடர்பு பின்னால் வருகிறது.

மருந்து கிடைத்தது, ஆனால் எளிதில் கிடைக்கவில்லை. மெர்க் நிறுவனம் மாட்டின் பித்தநீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட வேதிப் படிகளைக் கடந்து கார்ட்டிசோன் செய்தது. தொடக்கத்தில் ஒரு கிராம் விலை 200 டாலர். இந்த விலையை இறக்கியது எது தெரியுமா? ஒரு கிழங்கும் ஒரு பூஞ்சையும்!

நம் மலையில் மலையாளி மக்கள் காட்டில் தோண்டி எடுத்து வேகவைத்துத் தின்னும் வள்ளிக்கிழங்கை நீங்கள் எல்லோரும் தின்றிருப்பீர்கள். டயோஸ்கோரியா என்பது அதன் பேரினப் பெயர். அதே பேரினத்தைச் சேர்ந்த கிழங்குகள் மெக்சிகோக் காடுகளிலும் உண்டு. அவற்றில் டயோஸ்ஜெனின் என்ற பொருள் ஏராளம். ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலர் 1940-களில் அங்கே போய்க் கிழங்கு தோண்டி, அதிலிருந்து புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் செய்து காட்டினார். 1944-ல் மெக்சிகோவில் சின்டெக்ஸ் என்ற நிறுவனம் பிறந்தது. 1952-ல் அப்ஜான் நிறுவனத்தின் பீட்டர்சனும் மர்ரேயும், அந்தப் புரோஜெஸ்டிரோனைக் கார்ட்டிசோனாக மாற்றும் வழியில் மிகக் கடினமான படியை ரைசோபஸ் பூஞ்சை ஒரே அடியில் செய்துவிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். ஊசிப்போன ரொட்டியில் வளரும் ரைசோபஸ்தான். ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் வரைந்து என்னிடம் திட்டு வாங்கினீர்களே, அதே ஆள்! விலை மளமளவென்று இறங்கியது. இமயமலைச் சரிவில் விளையும் டயோஸ்கோரியா டெல்டாய்டியா கிழங்கும் இந்தத் தேவைக்காக மிதமிஞ்சித் தோண்டப்பட்டது. இன்று அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் வள்ளிக்கிழங்கு தின்றால் கண் வீக்கம் வற்றும் என்று கிளப்பிவிடாதீர்கள். டயோஸ்ஜெனினை ஸ்டீராய்டு மருந்தாக மாற்றும் வேலையை நம் உடல் செய்யாது. தொழிற்சாலைதான் செய்ய வேண்டும்.

கண்ணுக்கு இந்த மருந்து வந்தது வெகு சீக்கிரம். 1950-லேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆலன் உட்ஸ், கார்ட்டிசோனால் கண்ணின் அழற்சி அடங்குவதை எழுதினார். ஸ்டீராய்டு செல்லுக்குள் நுழைந்து, அதற்கென உள்ள ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குப் போய், அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை அடக்குகிறது. தளர்ந்த ரத்தக் குழாய்ச் சுவர் இறுகுகிறது, கசிவு குறைகிறது, தேங்கிய நீர் வற்றுகிறது. காரணம் எதுவானாலும் நெருப்பின் மேல் தண்ணீர் ஊற்றுகிற வேலையை அது செய்துவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

கொண்டாட்டம் பத்து வருடம்கூட நீடிக்கவில்லை. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, எலும்பு தேய்ந்தது. 1960-ல், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்த முடக்குவாத நோயாளிகளின் கண்ணில் லென்சின் பின்பக்கம் புரை விழுவதைக் கண்டார்கள். அதே பத்தாண்டில் அர்மாலி, பெக்கர் ஆகியோரின் ஆய்வுகள் இன்னொன்றைச் சொல்லின. ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வாரக்கணக்கில் போட்டால், ஆரோக்கியமான கண் உள்ளவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கண் அழுத்தம் ஏறுகிறது. ஒரு சிறு பகுதியினருக்கு மிக அதிகமாக ஏறுகிறது. யாருக்கு ஏறும் என்று முன்கூட்டி முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அழுத்தம் கூடினால் வலி இருக்க வேண்டும் என்பதில்லை. பார்வை நரம்பு சத்தமில்லாமல் தேயும். அதுதான் குளுக்கோமா. அதில் போன பார்வை திரும்பாது.

இன்னொன்றும் தெரிந்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், நம் அட்ரீனல் சுரப்பி 'நமக்கு வேலை இல்லை' என்று தூங்கிவிடும். திடீரென மாத்திரையை நிறுத்தினால் அது உடனே விழித்துக்கொள்ளாது. சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அடிசன் 1855-ல் எழுதிய அதே நிலைமை. அதனால்தான் நீண்ட நாள் எடுத்த மாத்திரையை டாக்டர்கள் படிப்படியாகக் குறைக்கிறார்கள். என் மாணவர் ஒரே நாளில் நிறுத்தினார் என்றபோது எனக்குத் திக்கென்றது இதனால்தான்.

ஆக, ஊரின் பயம் பொய்யில்லை. அந்தப் பயத்துக்கு மருத்துவ உலகம் என்ன பதில் தேடியது என்பதுதான் அடுத்த கதை. முழு உடம்புக்கும் கொடுப்பதற்குப் பதில், வீக்கம் இருக்கும் இடத்துக்கு மட்டும் கொடுத்தால் என்ன?

சொட்டு மருந்து கண்ணின் முன்பக்கத்தோடு நின்றுவிடுகிறது. பின்னால் இருக்கும் கோராய்டுக்கும் மாகுலாவுக்கும் போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. எனவே விழிக்கோளத்தின் வெளிச்சுவரை ஒட்டி ஊசி போட்டார்கள். மெதுவாகக் கரையும் ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு அதற்கு வாகாக இருந்தது. பிறகு, விழித்திரை அறுவையில் புகழ்பெற்ற ராபர்ட் மாக்கமர் 1979 வாக்கில் ஒரு படி மேலே போனார். விழித்திரைப் பிரிவுக்குப் பின் கண்ணுக்குள் வளரும் தழும்புத் திசுவைத் தடுக்க, ஸ்டீராய்டைக் கண்ணுக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார். 2000-க்குப் பிறகு மாகுலா வீக்கத்துக்கும் அந்த வழி பரவியது. இதற்கு வீக்கத்தை அளக்கும் கருவியும் கைகொடுத்தது. 1991-ல் உலகுக்கு அறிமுகமான ஓசிடி என்ற ஒளிப்படக் கருவி, விழித்திரையைத் தொடாமலே அதன் அடுக்குகளைக் குறுக்கே வெட்டினாற்போல் காட்டிவிடும். தாடையை வைத்துப் பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொல்வார்களே, பலரும் அனுபவித்திருப்பீர்கள். முன்பெல்லாம் டாக்டர் வீக்கத்தை ஊகித்தார். இப்போது மைக்ரான் கணக்கில் அளக்கிறார்.

இந்த ஊசி ஏழைக்கும் எட்டியதில் மதுரைக்குப் பங்கு உண்டு. அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் 1992-ல் கண்ணுக்குள் வைக்கும் லென்சைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. பிறகு கண் ஊசிக்கென்றே பதப்பொருள் சேர்க்காத ட்ரையம்சினோலோனையும் தயாரித்தது.

அடுத்து வந்தது உள்பதியம். 0.7 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் அடங்கிய ஓர் அரிசி முனையளவு குச்சி. ஊசி வழியாகக் கண்ணுக்குள் விட்டால் சில மாதங்கள் மருந்தைக் கசியவிட்டுத் தானே கரைந்துவிடும். யுவியா அழற்சிக்கு அமெரிக்காவில் 2010-ல் அனுமதி பெற்றது. 2021-ல் இன்னொரு வழிக்கும் அனுமதி கிடைத்தது. ஸ்கிளிராவுக்கும் கோராய்டுக்கும் இடையில் உள்ள நூலிழை இடைவெளியில், ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஊசியால் ட்ரையம்சினோலோனைச் செலுத்துவது. மருந்து கோராய்டை ஒட்டியே பரவும். அதற்கு முன் 160 நோயாளிகளிடம் செய்த சோதனையில், மருந்து பெற்றவர்களில் 47 சதவீதம் பேருக்குப் பார்வை அட்டவணையில் 15 எழுத்து, அதாவது மூன்று வரி, கூடுதலாகப் படிக்க முடிந்தது. மருந்தில்லாத போலி ஊசி பெற்றவர்களில் 16 சதவீதம் பேருக்கே அது முடிந்தது.

1948-ல் உடம்பு முழுக்க ஓடிய மருந்து, 2021-ல் ஒரு நூலிழை இடுக்குக்குள் வந்து நிற்கிறது. கதை இங்கே சுபமாக முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். முடியவில்லை.

யுவியா அழற்சி உள்ள 255 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்குக் கண்ணுக்குள் நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு உள்பதியம். இன்னொரு குழுவுக்கு மாத்திரையும், தேவைப்பட்டால் எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் மருந்தும். இரண்டாண்டு முடிவில் இரு குழுவின் பார்வையும் ஏறத்தாழச் சமம். ஏழாண்டு முடிவு 2017-ல் வெளியானபோது, மாத்திரைக் குழுவின் பார்வைதான் மேலாக இருந்தது. உள்பதியக் குழுவில் கண்புரையும் கண் அழுத்தமும் அதிகம். முறையாகக் கண்காணித்துக் கொடுத்த மாத்திரை, ஊர் பயந்த அளவுக்கு உடம்பைக் கெடுக்கவும் இல்லை. மருந்தை எங்கே வைப்பது என்பது மட்டும் கேள்வியில்லை. நோய் ஏன் வந்தது என்பதும் கேள்வி.

அந்தக் கேள்வியை நம் நாட்டு மருத்துவர்கள் விடாமல் கேட்டார்கள். 1993 மழை வெள்ளத்துக்குப் பிறகு மதுரை அரவிந்துக்கு யுவியா அழற்சியோடு வழக்கத்தைவிட அதிகமானோர் வந்தார்கள். டாக்டர் எஸ்.ஆர். ரத்தினம் குழுவினர் துருவிப் பார்த்ததில், வெள்ள நீரில் கலந்த எலி முதலான விலங்குகளின் சிறுநீர் வழியே பரவும் லெப்டோஸ்பைரா கிருமி பிடிபட்டது. 73 நோயாளிகளின் விவரத்தோடு 1997-ல் அது வெளியானது. சண்டிகரில் டாக்டர் அமோத் குப்தா, விஷாலி குப்தா குழுவினர், பாம்பு ஊர்வதுபோல் கோராய்டில் படரும் அழற்சி சிலருக்குக் காசநோயோடு தொடர்புடையது என்று 2003-ல் எழுதினார்கள். ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் அடங்கி அடங்கித் திரும்பி வரும் நோய், காசநோய் மருந்தும் சேர்த்தபோது திரும்புவது குறைந்தது.

நெருப்பின் மேல் தண்ணீர் ஊற்றும் மருந்து என்றேன் அல்லவா? அடுப்பே உள்ளே எரிந்துகொண்டிருந்தால் தண்ணீர் எத்தனை நாள் தாங்கும்? அதுவும் கிருமி இருக்கும் உடம்பில் ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். கண் வலிக்குப் போன இடத்தில் மார்புக்குப் படம் எடுக்கச் சொல்கிறார்கள், கையில் காசநோய் ஊசிப் பரிசோதனை செய்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், காசு பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று உறவினர் ஒருவர் என்னிடமே கோபப்பட்டதுண்டு. அந்தப் பரிசோதனைகள்தான் ஸ்டீராய்டைப் பாதுகாப்பாக்குகின்றன.

கிருமி இல்லை, உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் கண்ணைத் தாக்குகிறது என்று உறுதியானால், ஸ்டீராய்டைச் சீக்கிரம் குறைக்க வேறு மருந்து சேர்ப்பார்கள். இதிலும் டாக்டர் ரத்தினம் முதன்மை ஆசிரியராக இருந்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளிவந்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 216 நோயாளிகள் அதில் சேர்ந்தார்கள். மெத்தோட்ரெக்சேட், மைக்கோபெனோலேட் என்ற இரண்டு மருந்துகளை ஒப்பிட்டார்கள். மைக்கோபெனோலேட் உயர்வு என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வாரம் ஒருமுறை எடுக்கும் பழைய மெத்தோட்ரெக்சேட்டே பின்பக்க அழற்சிக்கு நன்றாக வேலை செய்தது. முடக்குவாதத்துக்கும் இன்று இதே மெத்தோட்ரெக்சேட்தான் முதலில் கொடுக்கப்படுகிறது. முடக்குவாதத்தால் விரல் கோணிய ஒருவர் கட்டிய மருத்துவமனையிலிருந்து இந்த விடை வந்ததை நினைத்துப் பார்த்தேன். மனசு நிறைந்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கண் சிவந்தால் 'மெட்ராஸ் ஐ' என்று நாமே முடிவு செய்து, மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து கேட்டு வாங்குகிறோம். அதில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. போட்டதும் சிவப்பு மறைவதால் நல்ல மருந்து என்று வீட்டில் எல்லோருக்கும் போடுகிறோம், மாதக்கணக்கில் தொடர்கிறோம். மாத்திரை என்றால் டாக்டர் கொடுத்தாலும் பயப்படுகிறோம், சொட்டு என்றால் யாரும் கொடுக்காமலே போட்டுக்கொள்கிறோம். என்ன நியாயம் இது? இரண்டும் ஒரே மருந்துதான்.

டீச்சர் சொல்வதில் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் கதவு நிலையையோ காலண்டர் கட்டத்தையோ பாருங்கள். கோடு வளைந்தாலோ நடுவில் மங்கினாலோ உடனே கண் மருத்துவரிடம் போங்கள். கோராய்டு நோயில் கண் சிவக்காமலும் வலிக்காமலும் இருக்கலாம்.

இரண்டு, ஸ்டீராய்டு என்றால் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். என்ன காரணத்துக்கு? எவ்வளவு நாள்? என் கண் அழுத்தத்தை எப்போது அளப்பீர்கள்? சர்க்கரை இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது குளுக்கோமாவோ காசநோயோ இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்று, தொடங்குவதும் நிறுத்துவதும் டாக்டரின் வேலை. வாட்ஸ்அப்பின் வேலை இல்லை.

அந்த மாணவர் மறுநாளே போய் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். டாக்டர் திட்டவில்லையாம். மார்புப் படமும் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிட்டு, கண் அழுத்தத்தை அளந்துவிட்டு, ஊசி போட்டார்களாம். போன வாரம் வண்டியோடு வீட்டு வாசலுக்கு வந்தார். மகன்தான் ஓட்டி வந்திருந்தான்.

"கோடு முக்கால்வாசி நேராயிடுச்சுங்க டீச்சர். இன்னும் கொஞ்சம் நெளியுது. அடுத்த மாசம் அழுத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்காங்க."

"போவியா?"

"கண்டிப்பா போவேனுங்க."

முழுசாக நேராகுமா என்று எனக்குத் தெரியாது. டாக்டர் சரி என்று சொல்லும்வரை மலைப்பாதையில் ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த வாக்கை நம்பித்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது யாரையும் கேட்காமல் ஸ்டீராய்டு சொட்டு போட்டுக்கொண்டிருந்தால், இதை இன்றைக்கே அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்